ஒளியை எண்ணத் தொடங்கிய பிறகே அணு நிலைத்தது

குடியாத்தத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒளியை ஒரு பாடத்தில் அலை என்கிறார்கள், இன்னொரு பாடத்தில் துகள் என்கிறார்கள். தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று மூன்று அணு மாதிரி நடத்திவிட்டு, மூன்றிலும் குறை இருக்கிறது என்று முடிக்கிறார்கள். தப்பானதை எதற்குப் படிக்கணும்? காவலூர் டெலஸ்கோப்பில் வேலை செய்கிறவர்களுக்காவது இது பயன்படுமா?"

தம்பி, நீ மூன்று கேள்வி கேட்டதாக நினைக்கிறாய். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. உன் புத்தகத்தில் கதிர்வீச்சின் இருமைப்பண்பு ஓர் அலகு, அணு அடுத்த அலகு. நடுவில் ஒரு அலகுத் தேர்வும் வந்துவிடும். அதனால் இரண்டும் தனித்தனிக் கதை போலத் தோன்றுகிறது. நடந்தது அப்படி இல்லை. அணுவுக்கு யார் எந்த மாதிரி போட்டாலும், "சரி, இந்த அணு ஏன் இந்த நிறத்தில் மட்டும் ஒளி விடுகிறது?" என்ற இடத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஒளியின் ஆற்றல் தொகுப்பு தொகுப்பாகத்தான் கைமாறும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அணு விழாமல் நின்றது.

ஜெர்மன் இயற்பியலாளர் பிளாங்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். புத்தகங்கள் பொதுவாக "புற ஊதாப் பேரழிவு என்ற சிக்கல் இருந்தது, பிளாங்க் அதைத் தீர்த்தார்" என்று எழுதும். பழைய கோட்பாட்டின்படி கணக்கிட்டால் குறுகிய அலைகளில் கதிர்வீச்சு எல்லையில்லாமல் பெருகும் என்பதுதான் அந்தப் பேரழிவு. படிக்க வசதியாக இருக்கும், ஆனால் வரிசை தலைகீழ். அந்தப் பெயரையே எரன்ஃபெஸ்ட் 1911-ல்தான் வைத்தார். 1900-ல் பிளாங்கை அசைத்தது அளவீடு. பெர்லினில் ஒரு அரசு அளவியல் நிறுவனம், விளக்குகளுக்குத் தரம் நிர்ணயிக்கும் வேலையை ஒட்டி, சூடான உட்குழிவிலிருந்து வரும் கதிர்வீச்சை அலைநீளம் வாரியாக அளந்துகொண்டிருந்தது. அந்தக் கதிர்வீச்சுக்கு அதுவரை நன்றாகப் பொருந்திய வீன் சூத்திரம், மிக நீண்ட அகச்சிவப்பு அலைகளில் பொருந்தவில்லை என்று ரூபன்ஸும் குர்ல்பாமும் அந்த அக்டோபரில் கண்டார்கள். பிளாங்க் அக்டோபர் 19 அன்று அளவீட்டுக்குப் பொருந்தும் ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். அது ஏன் பொருந்துகிறது என்று காட்ட டிசம்பர் 14 வரை ஆனது. அதற்கு அவர் கொடுத்த விலைதான் குவாண்டம்: அதிரும் பொருளின் ஆற்றலை, பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கி வரும் அளவுள்ள துண்டுகளாக எண்ண வேண்டியிருந்தது. மாறிலியின் மதிப்பு 6.626 × 10⁻³⁴ ஜூல் நொடி. ஒளியே துண்டு துண்டாக இருக்கிறது என்று அவர் அப்போது சொல்லவில்லை. அதைச் சொல்லும் துணிச்சல் 1905-ல் ஐன்ஸ்டைனுக்கு வந்தது.

ஐன்ஸ்டைனின் வாதத்துக்கு ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே வருவது, ஒரு சாட்சி. உங்கள் ஆய்வகத்தில் தங்க இலை மின்காட்டி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப் பார். அதன் மேல் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த துத்தநாகத் தகட்டை வைத்து எதிர்மின்னூட்டம் கொடுத்தால், விரிந்த இலை விரிந்தபடியே நிற்கும். எவ்வளவு பெரிய சாதாரண பல்பைக் காட்டினாலும் அசையாது. புற ஊதா விளக்கைக் காட்டினால், அது மங்கலாக இருந்தாலும், இலை சுருங்கத் தொடங்கும். நடுவில் ஒரு கண்ணாடித் தகட்டை நீட்டினால் சுருங்குவது நின்றுவிடும். விளக்கை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

இதற்குக் கணக்கு ரொம்பச் சுலபம். 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின், அதாவது ஒரு ஒளித் தொகுப்பின், ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் வந்துவிடும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள், நுழைவுத் தேர்விலும் உதவும். துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது ஒரு எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல், சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ 4.3-ஆல் வகுத்தால் 288 நானோமீட்டர். அதைவிடக் குறுகிய அலைநீளம் வந்தால்தான் எலக்ட்ரான் வெளியே வரும். சாதாரணக் கண்ணாடி அந்தப் பகுதியைத் தடுத்துவிடுகிறது. பல்பின் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், ஊதா முனையில்கூட, ஒரு ஃபோட்டானுக்கு 3.1 எலக்ட்ரான் வோல்ட்தான். கோடிக்கணக்கில் வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் எலக்ட்ரானிடம் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து தள்ளுவது சாதாரண வெளிச்சத்தில் நடப்பதில்லை.

இதையே வேலூர் ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கலாம். பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை கூடிவிட்ட குழந்தையை நீல விளக்கின் கீழ் வைக்கிறார்களே, அது ஏன் நீலம்? தோலில் தங்கியிருக்கும் பிலிருபின் மூலக்கூறு 460 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நன்றாக உறிஞ்சி, உடலால் எளிதில் வெளியேற்ற முடிந்த வடிவத்துக்கு மாறுகிறது. ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 2.7 எலக்ட்ரான் வோல்ட். சிவப்பு விளக்கை எத்தனை மடங்கு பிரகாசமாக வைத்தாலும் குழந்தைக்குச் சூடுதான் ஏறும், காமாலை இறங்காது.

ஐன்ஸ்டைன் சொன்னதை உடனே யாரும் நம்பிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மில்லிகன் பல வருடம் உழைத்து 1916-ல் அந்தச் சமன்பாட்டை அச்சு அசலாக நிரூபித்தார். அதன் பிறகும் ஒளித்துகள் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. சமன்பாடு சரி, அதற்கான காரணம் தப்பு என்று நினைத்தார். பெரிய ஆட்களின் இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஒரு கருத்தை இப்படி எல்லாப் பக்கமும் முட்டிப் பார்த்த பிறகு ஏற்றதால்தான் இன்று நாம் அதை நம்பிப் படிக்கிறோம்.

இனி அணு. தாம்சன் 1897-ல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார், 1904-ல் நேர்மின் கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாக இருக்கும் மாதிரியைக் கணக்கிட்டார். இதை ஏதோ விளையாட்டுப் படம் என்று நினைத்துவிடாதே. எத்தனை எலக்ட்ரான் சேர்ந்தால் வளையம் குலையாமல் நிற்கும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். அதே ஆண்டில் ஜப்பானில் நகோகா, நடுவில் நேர்மின்னூட்டமும் சுற்றி எலக்ட்ரான் வளையமுமாக ஒரு மாதிரி சொன்னார். எது சரி என்று தீர்க்க அணுவுக்குள் எதையாவது எறிந்து பார்க்க வேண்டியிருந்தது.

1909-ல் மான்செஸ்டரில் அதைச் செய்தவர்கள் கைகரும், இருபதே வயதான மாணவர் மார்ஸ்டனும். இருட்டறையில் கண் பழகும்வரை உட்கார்ந்திருந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் நேர்மின்னூட்டம் உள்ள ஆல்ஃபா துகள் விழும்போது தோன்றும் சின்னச் சின்ன மின்னல்களை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தத் துகள்களை அவர்கள் எறிந்தது ஒரு மெல்லிய தங்க இலையின் மேல். ஏன் தங்கம்? தங்கத்தைப் போல மெலிதாக அடிக்க வசதியான உலோகம் வேறு இல்லை. நம் ஸ்ரீபுரம் பொற்கோவிலில் செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருப்பதும் அப்படி அடித்த தங்க இலைதான். அவர்களை வழிநடத்திய ரூதர்ஃபோர்டு தன் 1911 கட்டுரையில் எடுத்துக்கொண்ட தங்க இலையின் தடிமன் சுமார் 0.00004 சென்டிமீட்டர். அதிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு அடுக்குகள் இருக்கும். பெரும்பாலான ஆல்ஃபா துகள்கள் ஒன்றுமே நடக்காதது போல அதைக் கடந்து போயின. ஏறக்குறைய 20,000-ல் ஒன்று மட்டும் 90 பாகை அளவுக்குத் திரும்பியது.

அந்த ஒன்றுதான் தாம்சன் மாதிரியைக் கவிழ்த்தது. அணு முழுக்கப் பரவிக்கிடக்கும் நேர்மின்னூட்டம் ஆல்ஃபா துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளைக்க முடியும். சின்னச் சின்ன வளைவுகள் கூடி இவ்வளவு பெரிய திருப்பம் வரும் வாய்ப்பு, பார்த்த எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வராது. ஒரே மோதலில் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு மின்னூட்டம் முழுவதும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும். எவ்வளவு சிறிய இடம் என்று கேட்டால், ஒரு தங்க அணுவை 133 ஏக்கர் வேலூர்க் கோட்டை அளவுக்குப் பெரிதாக்கினால் அதன் அணுக்கரு ஜலகண்டேஸ்வரர் கோவில் அளவுகூட வராது, ஒரு எலுமிச்சம்பழம்தான். கோட்டையின் மீதி இடத்தில் 79 எலக்ட்ரான்கள்.

சரி, கரு கிடைத்துவிட்டது. ஆனால் ரூதர்ஃபோர்டு அணு தாம்சன் அணுவைவிட மோசமான சிக்கலில் மாட்டியது. சுற்றும் எலக்ட்ரான் முடுக்கம் பெறும். முடுக்கம் பெறும் மின்னூட்டம் கதிர்வீசும், கதிர்வீசினால் ஆற்றல் குறையும், குறைந்தால் சுருள் பாதையில் கருவை நோக்கி விழும். மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டின்படி கணக்கிட்டால் ஹைட்ரஜன் அணு 10⁻¹¹ நொடி அளவில் காலி. விழும்போது சுற்றும் வேகம் ஏறிக்கொண்டே போவதால், வெளிவரும் ஒளி எல்லா நிறமும் கலந்த தொடர் நிறமாலையாக இருக்க வேண்டும். உண்மையில் ஹைட்ரஜன் தருவது தனித்தனிக் கோடுகள்.

அந்தக் கோடுகளுக்கு ஒரு சூத்திரம் ஏற்கெனவே கையில் இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஆசிரியராக இருந்த பால்மர், 1885-ல், அறுபது வயதில் கண்டுபிடித்தது அது. 364.56-ஐ ஒரு முழு எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, அதே வர்க்கத்தில் 4 கழித்து வருவதால் வகுக்க வேண்டும். முழு எண்ணாக 3 போடு: 656.2 நானோமீட்டர், சிவப்பு. 4 போடு: 486.1. 5 போடு: 434.0. 6 போடு: 410.1. ஆய்வகத்தில் அளந்த கோடுகளோடு நான்கும் பொருந்தும். கால்குலேட்டரை எடுத்து நீயே ஒரு தடவை செய்து பார்த்துவிடு. ஏன் முழு எண்கள் வருகின்றன என்று 28 வருடம் யாருக்கும் தெரியவில்லை.

1913 பிப்ரவரியில் ஒரு நண்பர் நினைவூட்டித்தான் டென்மார்க்கின் நீல்ஸ் போர் இந்தச் சூத்திரத்தைக் கவனித்தார். அதற்கு முன்பே அணுவின் நிலைத்தன்மைக்குப் பிளாங்க் மாறிலி தேவை என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் வேலை முடிந்தது. குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டும் எலக்ட்ரான் இருக்கும், அங்கே இருக்கும்வரை கதிர்வீசாது. ஒரு நிலையிலிருந்து கீழே இறங்கும்போது இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு ஒரே தவணையில் ஒளியாக வெளியேறும். ஹைட்ரஜனின் நிலைகள் 13.6-ஐ முழு எண்ணின் வர்க்கத்தால் வகுத்து முன்னால் எதிர்க்குறி போட்டால் வரும். மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் வேறுபாடு 1.89 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ அதால் வகு. மறுபடியும் அதே 656.

இந்த இடத்தில் பாடப்புத்தகம் அவசரமாகக் கடந்துபோகும் ஒரு சம்பவம் இருக்கிறது. போரை எதிர்த்தவர்களையே வாயடைக்க வைத்தது அதுதான் என்பது என் கணிப்பு. 1896-ல் பிக்கரிங், சீட்டா பப்பிஸ் என்ற விண்மீனின் நிறமாலையில் பால்மர் கோடுகளுக்கு நடு நடுவே கூடுதல் கோடுகளைக் கண்டார். அவையும் ஹைட்ரஜன்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். போர் இல்லை என்றார். ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம் அது, கருவில் இரண்டு மின்னூட்டம் இருப்பதால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்றார். லண்டனில் ஃபவுலர் விடவில்லை. அளவீட்டின்படி சரியாக 4 வரவில்லையே, நான்குக்குக் கொஞ்சம் கூடுகிறதே என்று மடக்கினார். போரின் பதில்: கரு அசையாமல் நிற்கும் என்று நான் வைத்துக்கொண்டதால் வந்த வித்தியாசம் அது, கருவும் சிறிது ஆடும் என்று சேர்த்துக்கொண்டால் விகிதம் 4.00163. அளவீடும் அதைத்தான் சொன்னது. தப்பான மாதிரி என்று நீ சொல்கிறாயே, அது தசமத்துக்குப் பிறகு மூன்றாம் நான்காம் இடம் வரை போய் நின்ற மாதிரி.

அந்த விண்மீனை உன் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம். மார்ச் முதல் வாரம் இரவு 9 மணி வாக்கில் தெற்கே பார். கீழே பிரகாசமாக நிற்பது அகத்திய நட்சத்திரம், மேலே இன்னும் பிரகாசமாக சிரியஸ். இரண்டுக்கும் கிழக்கே, உயரத்தில் இடைப்பட்டு நிற்கும் விண்மீன்களில் சீட்டா பப்பிஸ் ஒன்று. ஐரோப்பாவில் பல இடங்களிலிருந்து அது தெரியவே தெரியாது. வானியலாளர் வைணு பாப்பு காவலூரில் அமைத்த தன் ஆய்வகத்துக்கு அன்றைய வடஆற்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு முக்கியக் காரணம், இவ்வளவு தெற்கே வந்தால் தென்வானம் நன்றாகக் கிடைக்கும் என்பதுதான்.

போரைப் பற்றி இன்னொரு வேடிக்கை. அணுவிலிருந்து ஒளி தவணை தவணையாக வெளிவருகிறது என்று சொன்ன அதே மனிதர், வெளியே வந்த ஒளி துகள் என்பதை மட்டும் பன்னிரண்டு வருடம் ஏற்கவில்லை. காம்ப்டன் 1923-ல் எக்ஸ் கதிர் எலக்ட்ரானோடு மோதி ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்வதைக் காட்டிய பிறகும், 1924-ல் கிராமர்ஸ், ஸ்லேட்டர் இருவரோடு சேர்ந்து ஆற்றல் அழியா விதி தனித்தனி நிகழ்ச்சியில் பொருந்தாது, சராசரியில்தான் பொருந்தும் என்று எழுதினார். ஃபோட்டானை ஏற்பதைவிட ஆற்றல் அழியா விதியையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். அப்படியானால் சிதறிய எக்ஸ் கதிரும் தள்ளப்பட்ட எலக்ட்ரானும் ஒரே கணத்தில் வரவேண்டிய கட்டாயம் இல்லை. 1925-ல் இரண்டு எண்ணும் கருவிகளை வைத்து அதைச் சோதித்தார்கள் போதேயும் கைகரும். இரண்டும் சேர்ந்தே வந்தன. தங்க இலைக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து மின்னல் எண்ணிய அதே கைகர்தான். போர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

சரி, போர் மாதிரியில் எது தப்பு? வட்டப் பாதை தப்பு. எலக்ட்ரானுக்கு அப்படி ஒரு தடமே கிடையாது. மிகக் கீழ் நிலையில் கோண உந்தம் பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது என்று அவர் வைத்தார், உண்மையில் அது சுழி. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியம் அணுவுக்கே கணக்கு பொருந்தவில்லை. எந்தக் கோடு பிரகாசமாக வரும், எது மங்கலாக வரும் என்றும் சொல்லத் தெரியவில்லை. இதையெல்லாம் சரிசெய்ய டி பிராய், ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் வரவேண்டியிருந்தது. ஆனால் நிலைத்த ஆற்றல் மட்டங்கள், அவற்றின் வேறுபாடு ஒரு ஃபோட்டான் என்ற இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த இரண்டையும் தனியாகக் கோடிட்டு வை. பாதையின் ஆரம் என்பதை மதிப்பெண்ணுக்காகப் படி.

அலையா, துகளா என்ற கேள்விக்குக் காவலூரிலேயே பதில் இருக்கிறது. அங்கே உள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம். 1986-ல் இயங்கத் தொடங்கியது. அந்த ஆடி குவிக்கும் ஒளியை நிறமாலைமானிக்குள் கீற்றணி (நெருக்கமான கீறல்கள் கொண்ட தகடு) நிறம் நிறமாகப் பிரிப்பதை அலைக் கணக்கு இல்லாமல் விளக்கவே முடியாது, குறுக்கீட்டு விளைவுதான் அங்கே வேலை செய்கிறது. பிரிந்த ஒளி கடைசியில் சிசிடி என்ற சிலிக்கான் சில்லில் விழுகிறது. அங்கே ஒரு ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானைக் கிளப்புகிறது, இரவெல்லாம் சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணுகிறார்கள். சிலிக்கானுக்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அதனால் ஏறக்குறைய 1,100 நானோமீட்டருக்கு மேல் சில்லு குருடு. ஒளி பயணம் செய்யும்போது அலையாகவும், கொடுக்கல் வாங்கலின்போது எண்ணக்கூடிய தொகுப்பாகவும் நடந்துகொள்கிறது. கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு வாட் பச்சை ஒளியில் நொடிக்கு 2.8 × 10¹⁸ ஃபோட்டான் என்பதால் வீட்டு விளக்கில் இந்த எண்ணிக்கை நமக்கு உறைப்பதில்லை. மங்கலான விண்மீனில் உறைக்கும். ஒளி எவ்வளவு மெலிந்தாலும் அலைத்தன்மை போவதில்லை என்பதையும் 1909-லேயே டெய்லர் காட்டிவிட்டார். ஒரு ஊசியின் நிழலை மிக மங்கலான ஒளியில் மூன்று மாத அளவுக்குப் படமெடுத்தார். விளிம்பு விளைவின் பட்டைகள் பளிச்சென்று அப்படியே இருந்தன.

காவலூர்க்காரர்களுக்குப் போர் பயன்படுமா என்றால், தினமும். வைணு பாப்புவின் பெயரை உலகம் அறிந்ததே ஒரு நிறமாலைக் கோட்டால்தான். 393.4 நானோமீட்டரில் வரும் அயனியான கால்சியத்தின் கே கோட்டின் நடுவில் ஒரு சிறு ஒளிர்வு தெரியும். அதன் அகலத்தை அளந்தால் சூரியன் போன்ற, அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும் என்று அவரும் வில்சனும் 1957-ல் வெளியிட்டார்கள். உண்மையான பிரகாசம் தெரிந்தால் தூரம் தெரியும்.

அங்கே உனக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். சூரியனில் பெரும்பங்கு ஹைட்ரஜன், கால்சியம் துளியூண்டு. பிறகு ஏன் கால்சியம் கோடு இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது? பால்மர் கோட்டை உறிஞ்ச ஹைட்ரஜன் அணு முதலில் இரண்டாம் நிலையில் இருக்கவேண்டும். அதற்கு 10.2 எலக்ட்ரான் வோல்ட் தேவை. சூரியப் பரப்பின் சுமார் 5,800 கெல்வின் வெப்பத்தில் அப்படி ஏறியிருப்பது ஏறக்குறைய 20 கோடி அணுவில் ஒன்று. கால்சியம் அயனியாக 6.1 எலக்ட்ரான் வோல்ட் போதும், அயனியான பிறகு அது தன் கீழ் நிலையிலிருந்தே கே கோட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெப்பத்துக்கும் அயனியாவதற்கும் உள்ள இந்தக் கணக்கை 1920-ல் போட்டவர் நம் மேகநாத் சாஹா. அதை வைத்து 1925-ல் செசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே அதிகம் என்ற முடிவுக்கு வந்தார். சாஹா சமன்பாடு உன் பாடத்தில் இல்லை. ஆனால் அதில் போடவேண்டிய 13.6, 6.1 போன்ற எண்கள் எல்லாம் நீ எதற்கு என்று கேட்ட அந்த ஆற்றல் மட்டங்களிலிருந்து வருபவைதான்.